அவள் பெயரில் விழுந்த ஓட்டு

அத்தியாயம் பதினாறு

அன்றைக்குக் காலையில் சின்னு மருந்துக்கடையின் ஷட்டரைத் தூக்கும்போது, மூன்று வாரமாகத் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்த வாதப் பிரதிவாதம் நின்று போயிருந்தது. யாருக்கு ஓட்டு என்று முந்தின நாள் சாயங்காலமே முடிவு கட்டிவிட்டாள்.

ஓர் ஓட்டுக்கு மூன்று வாரமா என்று கேட்கிறவர்கள் அவளுடைய அத்தானை அறியாதவர்கள்.

அப்பாவும் அம்மாவும் ஒரே வருஷத்தில் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு, பன்னிரண்டு வயதில் ஒரு பெட்டியோடு அக்கா வீட்டுக்கு வந்தவள் சின்னு. அக்காவுக்குக் கல்யாணமாகி அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அத்தான் முகம் சுளிக்கவில்லை. மாடி அறையை ஒழித்துக் கொடுத்தார்; பின்னால் தனக்கொரு மகள் பிறந்தபோதும் அதைத் திருப்பிக் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார். மருந்தாளுநர் படிப்பு முடிந்த அன்று, "எங்க வீட்டுப் பொண்ணு" என்று தெருவில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் நின்று நின்று சொன்னார். கல்யாணமே வேண்டாம் என்று அவள் சொன்னபோது, "அவ இஷ்டம்" என்று ஊர் வாயை அடைத்தவரும் அவர்தான்.

அப்படிப்பட்ட மனிதர் நகரசபைத் தேர்தலில் நின்றால் யோசிக்க என்ன இருக்கிறது? இரண்டு தடவை உறுப்பினர் பதவிக்கு நின்று ஜெயித்தார். இரண்டு தடவையும் சின்னு போனாள், அவர் பெயருக்கு நேரே முத்திரையைக் குத்தினாள், வந்தாள். வாக்குச் சீட்டில் மற்றவர்கள் பெயரைப் படித்துப் பார்த்ததுகூட இல்லை.

இந்தத் தடவை அத்தான் நின்றது தலைவர் பதவிக்கு. இந்தத் தடவை சின்னு படித்துவிட்டாள். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

மருந்துக்கடைக்கு நேர் எதிரே நகரசபை ஆஸ்பத்திரி. அதை நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் மாற்றிவிட்டு, அந்த இடத்தில் கடை வளாகம் எழுப்பப் போகிறார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பியிருந்தது. மருந்துச் சீட்டோடு வருகிற முதியவர்களும், வயிற்றைத் தாங்கிக்கொண்டு வருகிற பெண்களும் அவளைத்தான் கேட்டார்கள். "உங்க அத்தான் விட்டுட மாட்டார்ல மேடம்?"

அத்தானும் மேடைக்கு மேடை, "ஆஸ்பத்திரியை மாத்தற தீர்மானத்தை எதிர்த்தவன் நான்" என்று பேசினார். சின்னு நம்பினாள். எழுத்தில் பார்த்து வைத்துக்கொண்டால் கேட்கிறவர்களுக்குத் தெம்பாகப் பதில் சொல்லலாமே என்றுதான் நகரசபை நூலகத்துக்குப் போய்க் கூட்டக் குறிப்பேட்டைப் புரட்டினாள். 'முன்மொழிந்தவர்' என்ற இடத்தில் அத்தானின் பெயர் இருந்தது.

மூன்று வாரத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் அதைக் கேட்டாள். அத்தான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். "மாத்திரை எடுத்துக் கொடுக்கிறதோட உன் வேலையை வெச்சுக்கோ" என்றார். இருபத்தெட்டு வருஷத்தில் அவளிடம் அவர் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. பரிமாறிய கரண்டியோடு அக்கா அப்படியே நின்றாள். 

அன்றிலிருந்து சின்னு சாப்பிடக் கீழே இறங்குவதில்லை.

அந்தக் கோபத்தோடு போய் எதிராளி எவருக்காவது குத்திவிட்டு வந்திருக்கலாம். அவளுக்கு அது சரியாகப் படவில்லை. நோயாளி மேல் எரிச்சல் என்பதற்காக மருந்தை மாற்றிக் கொடுக்க முடியுமா? மற்ற இரண்டு வேட்பாளர்களையும் நேரில் போய்ப் பார்த்தாள்.

சைக்கிள் கடைக்காரர் எதைக் கேட்டாலும் "செஞ்சுடலாம்" என்றார். விமான நிலையம் வேண்டும் என்று கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்.

ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர், "இப்போதைக்கு எனக்குத் தெரியலைம்மா. படிச்சுட்டுச் சொல்றேன்" என்றார். மூன்றாம் நாள் கடைக்கே வந்தார். "கட்டடம் பழசுதான். உங்க அத்தான் சொல்ற திட்டத்துல பாதி நியாயம் இருக்கு. ஆனா பிரசவ வார்டையும் அவசர சிகிச்சையையும் இங்கேயே வெச்சுக்க முடியும். மத்ததை மாத்தித்தான் ஆகணும். இதைச் சொன்னா எனக்கு ஓட்டுக் குறையும். குறையட்டும்."

டீச்சர் முன்கோபி, நாலு பேரோடு ஒத்துப்போக மாட்டார் என்று ஊரில் ஒரு பெயர் உண்டு. சின்னு அதையும் போட்டு உருட்டிப் பார்த்தாள். எல்லாம் பார்த்த பிறகுதான் முடிவு கட்டினாள். தானாக எடுத்த முடிவு. அது கொடுத்த நிம்மதி அவளுக்கே புதிதாக இருந்தது.

மதியம் ஒரு மணிக்குக் கூட வேலை பார்க்கும் அம்மாளிடம் கடையை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள். வாக்காளர் அட்டை அக்காவின் பீரோவில் இருந்தது. வீட்டில் எல்லாருடைய அட்டைகளும் அங்கேதான் இருக்கும்.

அத்தான் வீட்டில் இல்லை. சாவடி சாவடியாகச் சுற்றிக்கொண்டிருந்தார். அக்கா அட்டையை எடுத்து வந்தாள். இடது கையைப் புடவை முந்தானைக்குள் சுருட்டி வைத்திருந்தாள்.

"இந்த வெயில்ல போகணுமா சின்னு?"

"போட்டுட்டுக் கடைக்குத் திரும்பணும்க்கா."

"மூணாவது ரூம்ல வரிசை தெரு வரைக்கும் நிக்குதாம். கால் கடுத்துப் போயிடும்." அக்கா அட்டையைக் கொடுத்துவிட்டு, விடாமல் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "நீ ஒருத்தி போடலைன்னா என்ன ஆகிடப் போகுது?"

சின்னுவுக்குச் சுருக்கென்றது. தன் ஓட்டு எங்கே போகும் என்று அக்கா கணித்துவிட்டாள் போலிருக்கிறது, புருஷனுக்காகத் தடுக்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள். அட்டையை மெதுவாக இழுத்து வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் இரண்டு வருஷம் அவள் வெளியே அறை எடுத்துத் தங்கியிருந்தாள். அந்த விலாசத்தில் பதிந்த பெயர் இன்னும் மாறவில்லை. அதனால் அக்காவுக்கும் அத்தானுக்கும் வீட்டுப் பக்கத்துச் சாவடி. அவளுக்கு மட்டும் சந்தைக்குப் பின்னால் இருக்கிற பள்ளிக்கூடத்தின் மூன்றாவது அறை.

வரிசை தெரு வரைக்கும் இல்லை. அவளுக்கு முன்னால் நாலே பேர்.

சுவரை ஒட்டிப் போட்ட பெஞ்சில் வேட்பாளர்களின் ஏஜெண்டுகள் பட்டியலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அத்தானின் ஏஜெண்ட், அவர்கள் தெரு முட்டைக்கடைக்காரர். சின்னுவைப் பார்த்ததும் வழக்கமாக எழுந்து நிற்கிற மனிதர். இன்றைக்குப் பேனாவின் மூடியைக் கழற்றி, மாட்டி, மறுபடி கழற்றினார்.

மேஜையில் இருந்த ஊழியர் அட்டையை வாங்கிப் பட்டியலில் விரலை ஓட்டினார். விரல் ஓரிடத்தில் நின்றது. அட்டையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடி பட்டியலைப் பார்த்தார்.

"நீங்க ஏற்கெனவே போட்டுட்டீங்களேம்மா."

சின்னு சிரித்துவிட்டாள். "இல்லைங்க, இப்பத்தான் வர்றேன்."

"கோடு போட்டிருக்கே." பட்டியலைத் திருப்பிக் காட்டினார். அவள் பெயர், அவள் வயது, குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு. ஸ்கேல் வைத்து நேராக இழுத்திருந்தார்கள்.

சிரிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை.  பின்னால் நின்றவர் ஏதோ கேட்டார். அவளுக்கு அது காதில் விழுந்தது, புரியவில்லை.

"வேற யாராவது பேருக்குப் போட வேண்டிய கோடா இருக்கும். நல்லாப் பாருங்க."

"கையெழுத்து இருக்கும்மா."

அதற்குள் சாவடித் தலைமை அதிகாரி எழுந்து வந்தார். கல்லூரியில் வேதியியல் நடத்துபவர் என்று பின்னால் தெரிந்தது. நிதானமான மனிதர். அவள் இரண்டு கைகளையும் நீட்டச் சொல்லிப் பார்த்தார். பத்து விரலிலும் மை இல்லை. அட்டையிலிருந்த படத்தையும் அவள் முகத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகு கையெழுத்து வாங்கும் பதிவேட்டை எடுத்துப் பக்கத்தைத் திருப்பினார்.

"நூற்றுப் பதினேழாவது ஆள். எட்டே முக்கால் மணி சுமாருக்கு நடந்திருக்கணும். இது உங்க கையெழுத்தா?"

சின்னு குனிந்தாள்.

ஊரிலிருக்கிற அத்தனை டாக்டர்களின் கிறுக்கலும் அவளுக்கு அத்துப்படி. கையெழுத்தைப் பார்த்தே இன்னார் எழுதிய சீட்டு என்று சொல்லிவிடுவாள். இந்தக் கையெழுத்துக்கு அந்தத் திறமைகூட வேண்டியிருக்கவில்லை. அவள் பெயர்தான். ஆனால் கடைசி எழுத்தின் காலை வளைத்துக் கொண்டுபோய், பெயருக்கு அடியில் ஒரு கோடாக இழுத்து முடித்திருந்தது.

அவளுடைய நோட்டுப் புத்தகங்களில் ஒட்டிய லேபிள்களில் எல்லாம் அப்படித்தான் இருக்கும். பள்ளிக்கூடம் திறக்கிற முதல் வாரம், மேஜை நிறைய நோட்டுகளைப் பரப்பிக்கொண்டு, ஒவ்வொன்றாக அட்டை போட்டு லேபிள் ஒட்டி, அவள் பெயரை அழகாக எழுதித் தந்தது அக்கா.

"அம்மா? உங்களைத்தான் கேக்கறேன். இது உங்க கையெழுத்தா?"

"இல்லை."

அவள் நிமிர்ந்து முட்டைக்கடைக்காரரைப் பார்த்தாள். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஜன்னலுக்கு வெளியே ஒரு வெறும் சுவர்தான் இருந்தது.

அதிகாரி அவளைத் தன் மேஜைக்கு அழைத்துப்போய் உட்கார வைத்தார். தண்ணீர் கொடுத்தார்.

"உங்க உரிமை போயிடலை. உங்களுக்குத் தனியா ஒரு சீட்டுத் தர்றேன். போடுங்க. ஆனா அது பெட்டிக்குள்ள போகாது. உறையில வெச்சு ஒட்டி முத்திரை போட்டுடுவோம். பின்னால வழக்குன்னு வந்தா கோர்ட் அதைத் திறந்து பார்க்கும்."

"வழக்கு வரலைன்னா?"

"உறை உறையாவே இருக்கும்."

மூன்று வாரம் அலைந்தது ஓர் உறைக்குள் போய் ஒட்டிக்கொள்ளப் போகிறது. அவள் கேட்டு வாங்காமலே, அவள் பெயரில் யாருக்கோ ஓர் ஓட்டு விழுந்து, அது மட்டும் எண்ணப்படப் போகிறது.

"புகாரும் எழுதிக் கொடுக்கலாம்." அவர் குரலைத் தாழ்த்தினார். "யார் மேலயாவது சந்தேகம் இருக்கா?"

சின்னு தண்ணீர்க் குவளையை மேஜையில் வைத்தாள்.

"சார், ஆறு மணி வரைக்கும் நேரம் இருக்கு இல்லையா?"

"இருக்கு."

"வர்றேன்" என்று எழுந்தாள்.

கடைக்குப் போனாள். எப்படிப் போனாள் என்று அவளுக்கு நினைவில்லை. மாலை நாலு மணி வரை மாத்திரைகளை எண்ணிக் கொடுத்தாள், இன்சுலின் கேட்டவருக்குக் குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். ஒரு சீட்டை நாலு தடவை படித்தும் மருந்தின் பெயர் மண்டையில் ஏறாதபோது, இனி நின்றால் யாருக்காவது எதையாவது மாற்றிக் கொடுத்துவிடுவோம் என்று பயந்து வெள்ளைக் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

அக்கா சமையலறையில் இருந்தாள். குழாயைத் திறந்துவிட்டு இடது கையைத் தண்ணீரில் காட்டிக்கொண்டு நின்றாள். சின்னு வந்து குழாயை மூடினாள். அக்காவின் மணிக்கட்டைப் பிடித்துக் கையைத் திருப்பினாள்.

ஆள்காட்டி விரல் நகக்கண்ணிலிருந்து முதல் கணு வரைக்கும் தோல் வழன்று செக்கச்செவேல் என்றிருந்தது. ஸ்பிரிட் வாடை அடித்தது. பக்கத்து நடுவிரலில், கறுப்பாக, புத்தம் புதிதாக மை.

ஒரு கையில் இரண்டு விரல். இரண்டு ஓட்டு.

"எதுக்குக்கா?"

அக்கா கையை விடுவித்துக்கொள்ளப் பார்க்கவில்லை. "நீ போக மாட்டேன்னு நெனைச்சேன்" என்றாள். "அந்த ஞாயித்துக்கிழமையிலேருந்து நீ கீழேயே வரலை. எனக்கென்னன்னு விட்டுடுவேன்னு நெனைச்சேன். மதியம் வந்து அட்டையைக் கேட்டதும் எனக்கு உசுரே போயிடுச்சு."

"அத்தான் போடச் சொன்னாரா?"

"ஐயோ இல்லை. அவருக்குத் தெரியவே தெரியாது. இருமல்னு மாஸ்க் போட்டுக்கிட்டுப் போனேன். விரல் என்னாச்சுன்னு கேட்டாங்க. அடுப்புல சுட்டுக்கிட்டேன்னு சொன்னேன். பக்கத்து விரல்ல வெச்சு விட்டுட்டாங்க."

"முட்டைக்கடைக்காரர் பார்த்திருக்கார்."

அக்கா பக்கத்திலிருந்த ஸ்டூலைத் துழாவி உட்கார்ந்தாள்.

சின்னுவுக்கு இரக்கம் வரவில்லை. அவளுக்கே அது ஆச்சரியமாக இருந்தது. "உன் புருஷன் ஜெயிக்கணும்னா உன் ஓட்டு உனக்கு இருந்துதே. என்னோடது எதுக்கு? நான் அவருக்குப் போட மாட்டேன்னு தெரிஞ்சுதானே?"

"அதுக்கில்லை."

"பின்னே?"

அக்கா சமையலறை வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். பிறகு, பக்கத்து அறையில் யாரோ இருப்பதுபோல மெல்லிய குரலில் சொன்னாள்.

"என் ஓட்டை நான் அவருக்குப் போடலை."

சின்னு அக்காவின் விரலை மறுபடி பார்த்தாள்.

காலையில் ஏழு மணிக்கு அக்காவும் அத்தானும் ஜோடியாகச் சாவடிக்குப் போனதும், விரலை உயர்த்திக் காட்டிப் படம் பிடித்துக்கொண்டதும் ஊர் முழுக்கக் கைப்பேசிகளில் சுற்றிக்கொண்டிருந்தது. கடைக்கு வந்த ஒருவர் சின்னுவிடமே காட்டினார். அந்தப் படத்தில் அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அந்தத் தீர்மானம் விஷயம் எனக்கு முன்னாலேயே தெரியும் சின்னு. கொண்டுவந்த அன்னைக்கே சந்தோஷமா வந்து என்கிட்டதான் சொன்னார். சரி, அரசியல்ல முன்னே பின்னே இருக்கும்னு நான் வாயை மூடிக்கிட்டேன். நீ குறிப்பேட்டைப் பார்த்துட்டு வந்து கேட்டப்பவும் மூடிக்கிட்டேன். ஆனா கடைசிப் பிரசாரக் கூட்டத்துல..." அவள் குரல் பிசிறடித்தது. "நான் முன்வரிசையில உட்கார்ந்திருக்கேன். மைக்கைப் பிடிச்சுக்கிட்டு, 'அதை நான் கொண்டுவரலை, பெத்த பொண்ணு மேல சத்தியமாச் சொல்றேன்'னார். அந்தப் பொண்ணு பொறந்ததே அந்த ஆஸ்பத்திரியிலதான். பொழைக்க மாட்டாள்னு சொல்லி, எட்டு நாள் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெச்சுக் காப்பாத்திக் கொடுத்தாங்க. வெளியே தரையில படுத்துக் கிடந்தவர் இவர்தான். அவரே அவ மேல பொய்ச் சத்தியம் பண்றார்."

"அதனால?"

"திரைக்குப் பின்னால போய் நின்னேன். முத்திரை கையில இருக்கு. அவர் பேருக்கு நேரே கை போகவே மாட்டேங்குது. வேற பேர்ல குத்திட்டேன்." அக்கா தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வெளியே வந்தா அவர் நிக்கறார். என் தோள்ல கையைப் போட்டுக்கிட்டுப் படம் எடுக்கறார். எனக்கு மனசு கேக்கலை. முப்பது வருஷம் கூட வாழ்ந்தவருக்குத் துரோகம் பண்ணிட்டேனேன்னு. வீட்டுக்கு வந்தேன். பீரோவைத் திறந்தேன். உன் அட்டை இருந்துது. என்னோட ஒண்ணு குறைஞ்சா உன்னோட ஒண்ணை வெச்சு நிரப்பிடலாம்னு தோணிச்சு. அவ்வளவுதான். யோசிக்கவே இல்லை."

வெளியே தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துப் பார்த்தார்கள். அது கிளம்பவில்லை.

தன் அக்கா, அத்தான் கிழித்த கோட்டை ஒருநாளும் தாண்டாத அக்கா, அவருக்கு எதிராக ஓட்டுப் போட்டிருக்கிறாள். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தனக்கென்று ஒரு முடிவு எடுத்தவள், இரண்டு மணி நேரத்துக்குள் தங்கையின் முடிவைத் திருடியிருக்கிறாள். இதில் எதற்கு அதிர்வது என்று சின்னுவுக்கு விளங்கவில்லை.

"உன் மனசைச் சமாதானப்படுத்திக்க என்னோடதா கிடைச்சுது?"

"உன்னோடது, என்னோடதுன்னு நான் பிரிச்சுப் பார்த்ததே இல்லையே."

"நான் பிரிக்கணும்க்கா." அவள் குரல் நடுங்கியது. "என் கையெழுத்து கோணல்னு நோட்டுல எல்லாம் என் பேரை நீயே எழுதுவே. சரி. இப்பக் கோணலோ நேரோ, நானே எழுதிக்கறேன்."

அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "நீ யாருக்குப் போடறதா இருந்தே?"

"சொல்ல மாட்டேன்."

அக்காவிடம் அவள் ஒளித்த முதல் விஷயம் அதுவாகத்தான் இருக்கும்.

"நான் திரும்பிப் போறேன். உறையில வைக்க எனக்குத் தனியா ஒரு சீட்டுத் தர்றாங்க, அதை நான் போட்டே ஆகணும். சந்தேகம் யார் மேலன்னு கேப்பாங்க. நானாப் போய் உன்னை மாட்டிவிட மாட்டேன். ஆனா நேருக்கு நேர் கேட்டா பொய் சொல்ல எனக்கு வராது. இப்பவே சொல்லிட்டேன்."

அக்கா தலையை ஆட்டினாள். சரி என்றா, வேண்டாம் என்றா, அது தெரியவில்லை.

ஐந்தரை மணிக்குச் சின்னு பள்ளிக்கூட வாசலுக்கு வந்தபோது அத்தானின் கார் நின்றுகொண்டிருந்தது. அத்தான் இறங்கி வந்தார். காலையிலிருந்து அலைந்ததில் முகம் கறுத்திருந்தது.

"சாப்பிட்டியா?" என்றார் முதலில்.

அந்தக் கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை.  தலையை மட்டும் அசைத்தாள்.

அவளை மரத்தடிக்கு ஒதுக்கிக்கொண்டு போனார். "முட்டைக்கடைக்காரர் போன் பண்ணினார். எல்லாம் சொன்னார். சின்னு, அவ ஏதோ பைத்தியக்காரத்தனமாப் பண்ணிட்டா. எனக்காக. நான் ஜெயிக்கணும்னு." அவர் கண் கலங்கியிருந்தது. நடிப்பில்லை, நிஜமாகவே. "அவளுக்குள்ள இவ்வளவு இருக்குன்னு எனக்கே தெரியலை. நீ புகார்னு ஏதாவது எழுதினா அவ போலீஸ் ஸ்டேஷன் படி ஏறணும். எழுத்துப்பிழை, புகார் இல்லைன்னு ஒரு வரி எழுதிக் கொடுத்துட்டு வந்துடு. அந்த ஞாயித்துக்கிழமை உன்கிட்ட கத்தினது தப்புதான். நான் ஒத்துக்கறேன்."

சின்னு அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவருக்காக அக்கா என்ன செய்தாள், என்ன செய்யவில்லை என்பது மொத்தமும் அவள் நாக்கு நுனியில் இருந்தது. அதைச் சொன்னால் அந்த மனிதர் அங்கேயே உட்கார்ந்துவிடுவார்.

"நான் என் ஓட்டைப் போட்டுட்டு வர்றேன் அத்தான்" என்றாள். உள்ளே போனாள்.

அதிகாரி சீட்டையும் முத்திரையையும் கொடுத்தார். திரைக்குப் பின்னால் போனாள். மூன்று பெயர்கள். மூன்றையும் நிதானமாக, முதலிலிருந்து கடைசிவரை படித்தாள். எண்ணப்படாமலே போகக்கூடிய சீட்டு என்பது தெரிந்துதான் இருந்தது. இருந்தும் முத்திரை கட்டத்துக்கு வெளியே சிதறிவிடாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு, கணக்கு டீச்சரின் பெயருக்கு நேரே குத்தினாள். மை காய்கிற வரைக்கும் நின்றாள். மடித்துக்கொண்டு வந்து கொடுத்தாள். உறை ஒட்டப்பட்டது. அரக்கு வாசனை வந்தது.

அதிகாரி ஒரு படிவத்தை அவள் பக்கம் தள்ளினார். "இப்பச் சொல்லுங்க. அந்தக் கையெழுத்து யாரோடதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

நேருக்கு நேரான கேள்வி.

பெஞ்சில் மூன்று ஏஜெண்டுகளும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அத்தான் வாசல் நிலைப்படியில் வந்து நின்றிருந்தார். சின்னு பேனாவை எடுத்தாள். வைத்தாள்.

"தெரியும்" என்றாள்.

"யாரு?"

"என்னோடது சார்."

பதில் சின்னுவிடமிருந்து வரவில்லை. அத்தானை விலக்கிக்கொண்டு அக்கா உள்ளே வந்தாள். நடந்தே வந்திருக்கிறாள். மூச்சு வாங்கியது, புடவையெல்லாம் தூசி. நேராக மேஜைக்கு வந்து இடது கையை விரித்து வைத்தாள்.

"நூத்திப் பதினேழாவது கையெழுத்து நான் போட்டது. இவளுக்குத் தெரியாம இவ அட்டையை எடுத்துக்கிட்டு வந்தேன். என்ன எழுதணுமோ என் பேர்ல எழுதிக்குங்க."

 அதிகாரி அந்த இரண்டு விரல்களையும் பார்த்தார். "உங்க சொந்த ஓட்டு?"

"காலையில ஏழு மணிக்கே போட்டாச்சு, எங்க சாவடியில."

"சார், அவ எனக்காகத்தான் பண்ணிட்டா" என்று அத்தான் நிலைப்படியிலிருந்து முன்னால் வந்தார். "புருஷன் மேல இருக்கிற பாசத்துல ரெண்டு ஓட்டையும் எனக்கே..."

"வேட்பாளர் உள்ளே பேசக் கூடாது" என்றார் அதிகாரி.

அக்கா திரும்பினாள். புருஷனை முகத்துக்கு நேரே பார்த்தாள்.

"ரெண்டும் இல்லைங்க" என்றாள். "ஒண்ணுதான் உங்களுக்கு."

முட்டைக்கடைக்காரர் கையிலிருந்த பட்டியல் கீழே விழுந்தது. அவர் அதைக் குனிந்து எடுக்கவில்லை.

 ஏழு மணிக்குத் தோளில் கை போட்டு எடுத்த படம், சிரித்த முகம், உயர்த்திய விரல் என்று ஒவ்வொன்றாக அத்தான் கண்ணில் வந்து போவது சின்னுவுக்கு அப்படியே தெரிந்தது. அக்கா தலை குனியவில்லை. அவர் ஏதாவது சொல்லட்டும் என்று காத்துக்கொண்டு நின்றாள்.

அவர் மெதுவாகத் தலையைத் திருப்பினார். பன்னிரண்டு வயதில் பெட்டியோடு வந்தவளை, ஒரு நாளும் பார்த்திராத ஒரு பார்வை பார்த்தார்.

"சொல்லிக் கொடுத்தது நீதானா சின்னு?" என்றார்.